பெயரோ பொதுப் பள்ளி!

ஒரு தாய் சிறை சென்றாள். கொள்ளை அடித்தாளா? இல்லை. கொலை புரிந்தாளா? இல்லை. கள்ள நாணயம் வார்த்தாளா? அதுவும் இல்லை. பெற்ற பெண்மக்கள் இருவரையும், தன் தந்தையின் வீட்டு முகவரியைக் காட்டி, நல்லதொரு பள்ளியிலே சேர்த்தாள்! அமெரிக்க ஐக்கிய நாட்டில், ஓஹியோ மாநிலத்தில், ஆக்ரன் நகரில், 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அந்தக் குற்றத்துக்காகத்தான் அவளைச் சிறைக்கு அனுப்பினர்.

அவள் கருப்பினத்தாள். பள்ளி ஒன்றிலே ஆசிரியருக்கு உதவியாளாகப் பணியாற்றிக் கொண்டே, தானும் ஆசிரியை ஆகவேண்டுமென்று படித்துக் கொண்டிருந்தவள். அவள் குடியிருந்தது நகரத்துக்குள். தந்தை குடியிருந்தது நகரை ஒட்டிய புறநகரில். நகரத்துப் பள்ளி வேறு, புறநகர்ப் பள்ளி வேறு. இரண்டுக்கும் இடையே மதில் இல்லை, அகழி இல்லை, காவற் கோபுரம் இல்லை. நிலப்படத்தில் இழுத்த ஒரு கோடு, அவ்வளவே. அந்தக் கோட்டைத் தாண்டிப் பிள்ளைகள் வருகின்றனரோ என்று ஐயுற்ற பள்ளி நிர்வாகம், கூலி கொடுத்துத் துப்பறிவோன் ஒருவனை அமர்த்திற்று. அவன் ஒளிந்திருந்து, தாய் தன் மக்களைக் காரிலேற்றிப் பள்ளிக்கு அழைத்து வருவதைப் படம் பிடித்தான். ஆவணத்தைப் பொய்யாக்கினாள் என்று வழக்கு. குற்றவாளியே என்று தீர்ப்பு. பத்து நாள் சிறை என்று தண்டனை. ஒன்பது நாள் உள்ளே இருந்தாள். பள்ளிக்குச் சேரவேண்டிய கட்டணம் ஏறத்தாழ முப்பதாயிரம் டாலர் என்று கணக்கும் காட்டினர். கல்வியைத் திருடிவிட்டாளாம்! திருட்டுப் பொருளை மீட்பது எங்ஙனம்? சிறுமியரின் மண்டையைத் திறந்து, கற்ற கணக்கையும் இலக்கணத்தையும் படியால் அளந்து எடுத்துக் கொள்வார்களோ?

ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்ட கதையைப் படித்திருக்கிறோம். இந்தப் பள்ளி விரலைக் கேட்கவில்லை. விரலை வெட்டிக் கொடுத்தாலும் ஏற்காது. வீட்டுப் பத்திரம் கொண்டு வா, வாடகை ஒப்பந்தம் கொண்டு வா, மின்கட்டண ரசீது கொண்டு வா என்று கேட்கிறது!

இதிலே ஒரு வேடிக்கை உண்டு, தோழர்களே. அதே ஓஹியோ மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கும் முறை மாநில அரசியல் சட்டத்துக்கு முரணானது, அந்தந்த ஊரில் தண்டும் சொத்து வரியையே பெரிதும் நம்பி நிற்பது தகாது என்று 1997ஆம் ஆண்டிலேயே தீர்ப்புரைத்தது. 2000த்தில் மீண்டும் உரைத்தது. 2002இல் இன்னொரு முறையும் உரைத்தது. முறைகேடான முறை என்று மன்றமே மும்முறை இடித்துரைத்த பின்னரும் அதைக் கட்டிக்காத்த பெரியவர்களில் ஒருவர்கூட ஒருநாள்கூடக் கம்பி எண்ணவில்லை. கம்பி எண்ணியவள் அந்தத் தாய்.

அமெரிக்காவின் புறநகர் உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான நான்காண்டுப் படிப்பு. வளம் கொழிக்கும் புறநகரில் அதன் கோலத்தைக் காணவேண்டும்! நீச்சற் குளம் ஒருபுறம், நாடக அரங்கு ஒருபுறம். நரம்பிசைக் குழு, பித்தளைக் குழல் முழங்கும் பேண்டு, எந்திர மனிதனைச் செய்து பழகும் பட்டறை, ஆய்வுக்கூடங்கள், பிரெஞ்சும் ஸ்பானிஷும் சீனமும் கற்பிக்கும் வகுப்புகள், கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்துத் தேர்வெழுத வைக்கும் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ பாடங்கள், எந்தக் கல்லூரிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கைபிடித்து நடத்திச் செல்ல ஓர் ஆலோசகர்! இவற்றைக் கண்டு நாம் எரிச்சல் கொள்ளவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் குழலும் வேண்டும், குடுவையும் வேண்டும், மேடையும் வேண்டும். கட்டணமும் இல்லை என்கிறார்கள், மகிழ்ச்சி. பொதுப் பள்ளி என்று பெயரும் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயரைத்தான் நாம் உரசிப் பார்க்க விரும்புகிறோம்.

கட்டணம் பள்ளி வாயிலில் இல்லை என்பது மெய். அது வீட்டின் விலையிலே மறைந்திருக்கிறது. பள்ளிக்குரிய பணத்தில் பெரும்பகுதி அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் வீடுகள் மீதும் கடைகள் மீதும் போடும் சொத்து வரியிலிருந்து வருகிறது. விலையுயர்ந்த வீடுகள் இருக்கும் ஊரில் வரி கொட்டும், பள்ளி செழிக்கும், பள்ளி செழிப்பதால் வீட்டின் விலை இன்னும் உயரும், உயர்ந்த விலை இல்லாதவனை அண்டவிடாது. காவலாள் எதற்கு? விலைச்சீட்டே வாயிற்காப்போன்!

இந்தக் கோடு வானிலிருந்து விழுந்ததன்று. வரைந்தவர் கைகளை நாம் அறிவோம். 1934இல் அமைந்த மத்திய அரசின் வீட்டுவசதி நிர்வாகம், வீட்டுக் கடனுக்கு ஈட்டுறுதி வழங்கியது. கருப்பர் வாழும் பகுதிகளுக்கு மட்டும் கைவிரித்தது. 1947இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில் லெவிட்டவுன் என்னும் புதுக்குடியிருப்பு ஆயிரமாயிரம் வீடுகளாக எழுந்தபோது, வெள்ளையர் அல்லாதார் அங்கே குடியிருக்கலாகாது, வீட்டு வேலைக்காரராயின் தடையில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தனர். பாத்திரம் துலக்க வரலாம். பக்கத்து வீட்டில் வாழ வரலாகாது! நந்தனுக்கு வயலில் வேலை உண்டு, கோயிலில் இடமில்லை என்ற நீதியை எந்தக் கப்பல் அங்கே ஏற்றிச் சென்றதோ, அறியோம். நிறம் சொல்லி வீடு மறுப்பதைச் சட்டம் 1968இல் தடை செய்தது. ஆனால் இத்தனை அடிக்குக் குறைந்த மனையிலே வீடு எழுப்பாதே, அடுக்குமாடி கட்டாதே என்னும் ஊர் விதிகள், நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே அந்த வேலையைத் தொடர்ந்து செய்தன.

‘எங்கள் வரிப்பணம், எங்கள் பிள்ளைகள்; நாங்கள் கூடுதலாகச் செலவிடுகிறோம், எங்கள் பள்ளி உயர்ந்திருக்கிறது; உழைக்காத ஊருக்கு நாங்கள் ஏன் அழவேண்டும்?’ என்று வாதாடுகிறார் புறநகர்ப் பெருமகன். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றுகிறது. கணக்கைப் பார்ப்போமா?

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரம். அங்கே எட்ஜ்வுட் என்றொரு பள்ளி மாவட்டம். மெக்சிகோ வழிவந்த ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதி. அதே பெருநகரில் அலமோ ஹைட்ஸ் என்றொரு பள்ளி மாவட்டம். வெள்ளையச் சீமான்கள் வாழும் தனிச் சிற்றூர். 1968 மே 16ஆம் நாள் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 400 பேர் வகுப்பை விட்டு வெளியேறி, நிர்வாக அலுவலகத்துக்கு ஊர்வலம் போயினர். உடைந்த சன்னல், ஒழுங்கற்ற கழிப்பறை, தகுதி பெற்ற ஆசிரியர் பற்றாக்குறை – அவர்கள் சொன்ன குறைகள் இவை. பெற்றோர் விழித்தனர். டிமெட்ரியோ ரோட்ரிகெஸ் என்னும் உலோகத் தகட்டுத் தொழிலாளியும் அவர் தோழரும் வழக்குத் தொடுத்தனர். அந்த வழக்கிலே வெளிவந்த கணக்கு இது, 1967-68ஆம் ஆண்டுக்கு உரியது.

எட்ஜ்வுட் ஏழை, நூறு டாலர் மதிப்புள்ள சொத்துக்கு 1 டாலர் 5 சென்ட் வரி செலுத்தினான். அலமோ ஹைட்ஸ் சீமான் செலுத்தியது 85 சென்ட். ஆம், ஏழை செலுத்திய விகிதமே அதிகம்! அந்த அதிக விகிதத்தில் எட்ஜ்வுட் தண்டிய பணம் பிள்ளை ஒன்றுக்கு 26 டாலர். குறைந்த விகிதத்தில் அலமோ ஹைட்ஸ் தண்டியது பிள்ளை ஒன்றுக்கு 333 டாலர். காரணம் மாயமன்று. எட்ஜ்வுட்டில் பிள்ளை ஒன்றுக்கு இருந்த சொத்தின் மதிப்பு 5,960 டாலர். அலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கு மேல். மாநில அரசு இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒரே தொகையை, முன்னதற்கு 222, பின்னதற்கு 225 என்று கொடுத்தது; மூன்று டாலர் கூடுதல் யாருக்கென்று பாருங்கள்! மத்திய அரசின் உதவியையும் கூட்டினால் எட்ஜ்வுட் பிள்ளைக்கு 356, அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 594.

கூடுதலாக உழைப்பவன் யார், கூடுதலாகப் பெறுபவன் யார்? ‘எங்கள் வரி’ என்று மார்தட்டும் பெருமகனின் வீட்டுக் கடன் வட்டிக்கு மத்திய அரசு வருமான வரியிலே கழிவு கொடுக்கிறது. அவர் நகரத்துக்குப் போய்வரும் நெடுஞ்சாலையை நாடு முழுவதும் செலுத்திய வரி போட்டுத் தந்தது. பொதுப்பணத்தில் வந்த சலுகை அவருக்கு வேலிக்கு வெளியே இனிக்கிறது. வேலிக்குள் மட்டும் ‘என் பணம்’ ஆகிவிடுகிறது. ‘பணத்தால் கல்வி வளராது’ என்று இன்னொரு வாதமும் எடுத்து வீசுவார். வளராது என்றால், தம் பள்ளியின் பணத்தில் பாதியைக் குறைத்துக் கொள்ளச் சம்மதிப்பாரா? நாம் கேட்டுக் காத்திருக்கிறோம்.

1971இல் கீழ்மன்றம் ரோட்ரிகெஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 1973 மார்ச் 21இல் உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் லூயிஸ் பவல். வழக்கறிஞராய் இருந்த நாளில் ரிச்மண்ட் நகரப் பள்ளிக் குழுவின் தலைவராய் ஒன்பதாண்டு வீற்றிருந்தவர். கல்வி, மத்திய அரசியல் சட்டம் உறுதி தரும் அடிப்படை உரிமைகளில் ஒன்றன்று என்றார். மறுத்தெழுதியவருள் ஒருவர் தர்குட் மார்ஷல். கருப்பரையும் வெள்ளையரையும் பள்ளியிலே பிரித்து வைப்பது செல்லாது என்று 1954இல் தீர்ப்புப் பெற வாதாடி வென்ற அதே மார்ஷல். அடுத்த ஆண்டே, 1974 சூலையில், டெட்ராய்ட் நகரப் பிள்ளைகளையும் சுற்றியுள்ள 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களின் பிள்ளைகளையும் ஒன்றாகப் படிக்க வைக்க எழுந்த திட்டத்தையும், அதே ஐவர்-நால்வர் கணக்கில் மன்றம் வீழ்த்தியது. நிலப்படத்துக் கோட்டுக்குக் கோட்டைச் சுவரின் வலிமை அன்று கிடைத்தது. அந்த இரு தீர்ப்புகளும் இன்றும் நிற்கின்றன.

ஆக, வெளி வாயில் அது. அதைக் கடந்து உள்ளே போய்விட்ட ஏழைப் பிள்ளைக்கு என்ன நேர்கிறது? அங்கே இன்னொரு வாயில்!

ஒரே கூரை, ஒரே மணியோசை, ஒரே உணவுக்கூடம்; ஆனால் வகுப்பறைகள் தட்டுத் தட்டாகப் பிரிந்து கிடக்கும். மேல்தட்டுக்குக் கடினமான கணிதம், ஆழ்ந்த இலக்கியம், தேர்ந்த ஆசிரியர். கீழ்த்தட்டுக்கு மெலிந்த பாடம், நிரப்பும் தாள்கள். திறமைக்கேற்பப் பிரிக்கிறோம் என்பர். ஆறாம் ஏழாம் வகுப்பிலே பிரிப்பர். பன்னிரண்டு வயதிலே ஒருவன் திறமையின் எல்லை இவர்களுக்குத் தெரிந்துவிடும்! எளிய பாடத்தையே கொடுத்துக் கொடுத்து, ஆறாண்டு கழித்து, ‘பார், இவனுக்குக் கடினமான பாடம் வரவில்லை’ என்பர். நீந்த விடாமல் கரையிலே கட்டிவைத்து, நீச்சல் தெரியாதவன் என்று பட்டம் கட்டுவது போல! கீழ்த்தட்டிலே யார் என்று பார்த்தால், கருப்பினப் பிள்ளைகளும் ஸ்பானிய மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் தம் எண்ணிக்கைக்கு மீறி அங்கே அமர்ந்திருப்பர். தகுதி, திறமை என்ற சொற்களைக் கேட்டவுடனேயே நம் காது கூர்மையாவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பல்லவியை நாம் வேறொரு கச்சேரியில் நிறையக் கேட்டிருக்கிறோம்.

இந்த உள்வாயிலை ஒரு புறநகர்ப் பள்ளி உடைத்துப் பார்த்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

லாங் ஐலண்டில் நாசோ கவுண்டி. (பள்ளியிலே அரசு எழுதிக் கொடுத்த வழிபாட்டை ஓதலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்ததே, அந்த வழக்கு முளைத்த மண்ணும் இதுதான்; நம் வாசகர் அந்த ஊரை ஒருமுறை நன்றியோடு நினைக்கலாம்.) அங்கே ராக்வில் சென்டர் என்னும் சிற்றூர், பெரும்பாலும் வெள்ளையர், வசதியுடையோர், சிறுபான்மையாகக் கருப்பரும் ஸ்பானிய மொழியினரும். ஊருக்கு ஒரே பொது உயர்நிலைப் பள்ளி, சவுத் சைடு. பல தட்டுகளாகப் பிரித்துப் பாடம் நடத்திய பள்ளிதான் அதுவும். 1990களில் அவ்வூர்க் கல்வி நிர்வாகம் துணிந்தது. முதலில் நடுநிலைப் பள்ளியின் கணிதம்: மேல்தட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே கொடுத்த விரைவுப் பாடத்தை எல்லோருக்கும் கொடுத்தனர். இயற்கணிதம் எட்டாம் வகுப்பிலேயே எல்லோருக்கும்! தடுமாறும் பிள்ளையைத் தனித் தட்டுக்குத் தள்ளவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் துணை வகுப்பு வைத்தனர். ஆசிரியர்கள் கூடிப் பேசிப் பாடம் அமைக்கப் பொதுநேரம் ஒதுக்கினர். பின்னர் உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பிலும் தட்டுகளைக் கலைத்தனர்; பிறகு பத்தாம் வகுப்பு.

விளைவு? இயற்கணிதத்தை அடிப்படையாகக் கொண்ட மாநிலத் தேர்வில் தேறிய கருப்பின, ஸ்பானிய மொழிப் பிள்ளைகள் நூற்றுக்கு 23. தட்டைக் கலைத்த பிறகு 75! ‘அவர்கள் ஏறினால் எங்கள் பிள்ளை இறங்கிவிடுமே’ என்று அலறினார்களே, அந்த வெள்ளையர், ஆசியர் பிள்ளைகள்? 54இலிருந்து 98! ரீஜென்ட்ஸ் பட்டயம் என்றொன்று உண்டு; நியூயார்க் மாநிலத்தில் அந்நாளில் எட்டுத் தேர்வுகளில் தேறினால்தான் கிடைக்கும். 1996இல் அப்பள்ளியில் சேர்ந்து படித்து முடித்த கருப்பின, ஸ்பானிய மொழி மாணவரில் அதைப் பெற்றோர் நூற்றுக்கு 32. வெள்ளையர், ஆசியரில் 88. 1999இல் சேர்ந்தவர் 2003இல் படித்து வெளியேறியபோது, முன்னவர் 82, பின்னவர் 97. மூன்றே ஆண்டு இடைவெளி! மூளை மாறிற்றா? பரம்பரை மாறிற்றா? அறை மாறிற்று, பாடம் மாறிற்று, அவ்வளவுதான். அப்பள்ளியின் தலைமையாசிரியர் கேரல் பர்ரிஸ் அம்மையாரும், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹென்றி லெவின் போன்ற அறிஞரும் இணைந்து 2006இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கத்திலேயே முன்னணியில் நின்ற பிள்ளைகளின் மதிப்பெண்ணும் இதனால் குறையவில்லை என்று எடுத்துக் காட்டிற்று.

எண்களை அடுக்கியதற்கு வாசகர் பொறுத்தருள்க. மேடையிலே ‘திறமை பிறப்பில் வருவது’ என்று எவரேனும் தொடங்கினால், நம் தோழன் எழுந்து நின்று இந்த நான்கு எண்களைச் சொல்லட்டும் என்பதற்காகவே அடுக்கினோம்.

ஆனால் ராக்வில் சென்டரைப் பாராட்டிவிட்டுப் பாய் விரித்துப் படுத்துக் கொள்வோருடன் நாம் சேரமாட்டோம். துணை வகுப்பு வைக்க அந்த ஊருக்குப் பணம் இருந்தது. அதே கவுண்டியில், சில மைல் தொலைவில், ரூஸ்வெல்ட் என்னும் ஊர். வாழ்வோர் பெரும்பாலும் கருப்பரும் ஸ்பானிய மொழியினரும். வரி தரும் வாணிகம் அற்ப சொற்பம். அதன் பள்ளிகள் நலிந்து நலிந்து, 2002இல் மாநில அரசே நிர்வாகத்தைக் கையில் எடுத்து, 2013 வரை நடத்த வேண்டியதாயிற்று. சவுத் சைடின் உள்வாயில் திறந்ததால் ரூஸ்வெல்ட் பிள்ளைக்கு ஒரு நாற்காலியும் கூடவில்லை. அவன் வேறு மாவட்டம்! நாசோ என்னும் ஒரே கவுண்டிக்குள் 56 பள்ளி மாவட்டங்கள், ஐம்பத்தாறு வேலிகள்! வேலியின்றிப் பள்ளி நடத்த முடியாதோ? புளோரிடா மாநிலம் முழுமைக்கும் 67 கவுண்டிகள், 67 பள்ளி மாவட்டங்கள். ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம். அங்கெல்லாம் எல்லாக் குறையும் தீர்ந்ததென்று சொல்ல வரவில்லை. கோடு இயற்கையன்று, ஏற்பாடு என்பதற்குச் சான்று காட்டுகிறோம்.

இனி, நம் வீட்டுப் பேச்சு கொஞ்சம். அந்தப் புறநகர்களில் நம்மவரும் வாழ்கின்றனர். கணினித் தொழிலுக்கும் மருத்துவத்துக்கும் கடல் கடந்து சென்ற தமிழர்கள், வீடு பார்க்கும்போது முதலில் கேட்பது, ‘பள்ளி மாவட்டம் எப்படி?’ என்பதுதான். வீட்டு விற்பனை விளம்பரத்திலேயே பள்ளியின் மதிப்பெண் அச்சாகி வருகிறது. பத்துக்கு ஒன்பது, பத்துக்கு மூன்று என்று! மூன்று வாங்கிய பள்ளியின் பக்கம் கார் திரும்புவதில்லை. பெற்ற மனம் அது, நாம் கல்லெறியவில்லை. ஆயினும் ஒன்று நினைவூட்டுவோம். அவர்களில் எத்தனையோ பேரின் தந்தையர், மதிய உணவு போட்ட பள்ளியிலே படித்து, ஒதுக்கீடு திறந்த கல்லூரியிலே நுழைந்தவர்கள். 1953இல் இங்கே அரைநாள் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தபோது, கொதித்தெழுந்து, 1954இல் அது கைவிடப்படும் வரை ஓயாதிருந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள். அந்தத் திட்டம் அப்பனின் தொழிலைக் கேட்டது. இந்தப் பள்ளி அப்பனின் வீட்டைக் கேட்கிறது. ஊர்க் கூட்டத்தில் எல்லையைத் திருத்தலாமா, வரியைப் பங்கிடலாமா, ஏழைக்கு வாடகை வீடு கட்டலாமா என்று பேச்சு எழும்போது, நம்மவர் கை எந்தப் பக்கம் உயர்கிறது? ‘வீட்டின் விலை விழுந்துவிடுமே’ என்ற முணுமுணுப்பில் நம் தமிழும் கலந்திருக்குமானால், அது நமக்கு இழுக்கு என்பதைச் சொல்லாமல் இருக்க நம்மால் இயலவில்லை.

டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம் 1989இல் எட்ஜ்வுட் மக்கள் பக்கம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டப்படி அந்த நிதிமுறை செல்லாது என்றது. 1993இல், செல்வம் மிகுந்த பள்ளி மாவட்டங்கள் தம் வரியில் ஒரு பங்கை ஏழை மாவட்டங்களுக்கு விடவேண்டுமென்று சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு அங்கே வழங்கிய பெயர் என்ன தெரியுமா? ‘ராபின் ஹூட்’! பங்கிட்டால் கொள்ளைக்காரன் பெயர். குழந்தையைப் படிக்க வைத்தால் திருட்டுப் பட்டம்.

ஆக்ரன் நகரத்துத் தாயின் குற்றத்தை, 2011 செப்டம்பரில் ஓஹியோ ஆளுநர் ஜான் கேசிக் சிறு குற்றமாகக் குறைத்தார். ஆசிரியை ஆகும் வழியை அந்தப் பெருங்குற்றப் பட்டம் அடைத்துவிடுமோ என்ற அச்சம் அவ்வளவில் நீங்கிற்று. பிள்ளைகள் அந்தப் புறநகர்ப் பள்ளியை விட்டு வெளியேறி அப்போது ஆண்டுகள் சில ஆகியிருந்தன.